கல்லறையிலாவது விட்டிருக்கக் கூடாதா?

உயிரோடு இருந்தவரை ஊருக்கு வெளியே வைத்தீர்கள். பெண் கொடுக்கவில்லை, பெண் எடுக்கவில்லை, உடன் உட்கார்ந்து உண்ணவில்லை. போகட்டும். செத்த பிறகாவது அந்த மனிதர்களை விட்டிருக்கக் கூடாதா?

ஜப்பானில் பௌத்தக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் கோயில் துறவி அவருக்குப் புதிய பெயர் ஒன்றைச் சூட்டுவார். கைம்யோ என்று அதைச் சொல்கிறார்கள். இறந்தவர் இனி புத்தரின் சீடர், பழைய வாழ்வைக் கழற்றிவிட்டுப் புதுப் பெயரோடு புறப்படுகிறார் என்பது நம்பிக்கை. அந்தப் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். கோயிலின் இறப்புப் பதிவேட்டிலும் எழுதி வைப்பார்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர்கள், தோல் பதனிட்டவர்கள், தண்டனைக் களத்தில் வேலை பார்த்தவர்கள் ஆகியோரின் குடும்பங்களுக்கும் துறவிகள் பெயர் சூட்டினார்கள். என்ன பெயர் தெரியுமா? 'மிருகம்' என்ற எழுத்தைக் கோத்த பெயர். 'தோல்' என்ற எழுத்தைக் கோத்த பெயர். 'இழிந்தவர்', 'ஏவலாள்' என்று பொருள்படும் பெயர்.

அந்தக் குடும்பங்களில் பலருக்கு எழுத்து தெரியாது. துறவி எழுதிக் கொடுத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காணிக்கை வைத்துவிட்டு வந்திருப்பார்கள். அப்பன் பெயர் என்று அந்தக் கல்லுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூ வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் போய்ப் படித்துவிட்டு வந்த பேரப்பிள்ளை ஒருநாள் அந்தக் கல்லின் முன் நின்று எழுத்துக் கூட்டி வாசித்திருக்கும். தன் பாட்டியின் பெயர் மிருகம் என்று வாசித்த அந்தப் பிள்ளையின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! இதைச் செய்த கோயில்களில் ஜென் கோயில்களும் உண்டு. ஜப்பானின் மிகப் பெரிய ஜென் பிரிவான சோட்டோ, தன் கோயில்களிலும் இப்படிப்பட்ட கற்களும் ஏடுகளும் இருப்பதைப் பின்னாளில் தானே ஒப்புக்கொண்டது.

சில கற்களில் 'செந்தரா' என்று இருந்தது. அது இங்கிருந்து போன சொல். சண்டாளர் என்ற வசைதான் பௌத்த நூல்களோடு கடல் கடந்து, சீனம் கடந்து, ஜப்பானிய ஏழையின் கல்லறையில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் தோல் வேலை செய்தவர்களின் தெருவில் பிறந்தவன். என் பாட்டன் பூட்டன் மேல் எறிந்த சொல்லை, அவர்களைக் கண்ணால்கூடக் காணாத ஒரு தேசத்தின் பிணங்கள் மேலும் எறிந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்கு வயிறு எரியாதா?

ஜப்பானின் அந்த மக்களை இன்று புராகுமின் என்கிறார்கள். முன்பு அவர்களுக்கு இருந்த பெயர்கள் 'மாசு மிகுந்தவர்', 'மனிதர் அல்லாதவர்' என்று பொருள்படுபவை. நிறத்தில், மொழியில், முகத்தில் மற்ற ஜப்பானியருக்கும் அவர்களுக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. எதிரே வந்து நின்றால் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவேதான் ஏடு தேவைப்பட்டது, பிரித்துச் சொல்லக் கோயில் தேவைப்பட்டது.

ஜென் எங்களுக்கு என்ன சொன்னது என்று இப்போது நினைத்துப் பாருங்கள்.

ஜென்னின் முதல் ஆசான் போதிதர்மர். காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம், படமெடுத்துக் கொண்டாடுகிறோம். சீனத்தின் ஜென் மரபு அவரை நீலக்கண் மிலேச்சன் என்றே அழைத்தது. ஆறாவது ஆசான் ஹுய்நெங், தெற்கே லிங்நான் பக்கத்தைச் சேர்ந்தவர், தகப்பனை இழந்தவர், விறகு விற்றுத் தாயைக் காப்பாற்றியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஐந்தாம் ஆசான் ஹோங்ரென் முன் அவர் போய் நின்றபோது முதலில் கிடைத்தது என்ன? தெற்கத்திக் காட்டானாகிய நீ எப்படிப் புத்தனாவாய் என்ற கேள்வி. ஊரைப் பார்த்தார், இனத்தைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. ஹுய்நெங் பயப்படவில்லை. மனிதர்களுக்குத்தான் வடக்கும் தெற்கும், புத்தத்தன்மைக்கு அந்தத் திசைகள் ஏது என்று திருப்பிக் கேட்டார். அப்படிக் கேட்டவரையும் நெல் குத்தத்தான் அனுப்பினார்கள். எட்டு மாதம் குத்தினார். கடைசியில் ஆசானின் அங்கியும் கலயமும் படித்த துறவிகளைத் தாண்டி அந்த நெல் குத்தும் கைக்குத்தான் வந்தன.

ஜென் துறவிகளே, இதுதானே உங்கள் பெருமை? லின்ஜி என்ற ஆசான் ஒன்பதாம் நூற்றாண்டில், எந்தப் படிநிலையும் ஒட்டாத உண்மையான மனிதர் ஒருவர் உங்கள் ஒவ்வொருவரின் முகத்து வாசல் வழியாகவும் போய் வந்துகொண்டிருக்கிறார் என்று கற்பித்தார். சோட்டோவை ஜப்பானுக்குக் கொண்டுவந்த டோகன், இருப்பவை அனைத்தும் முழுக்க முழுக்கப் புத்தத்தன்மையே என்று எழுதினார். பெண்களை உள்ளே விடாத புனித எல்லைகளை 1240இலேயே கடுமையாகச் சாடினார். பெயர் வைக்கும் முன், தரம் பிரிக்கும் முன், நல்லது கெட்டது என்று முத்திரை குத்தும் முன், எதிரே இருப்பதை அப்படியே பார் என்பதுதானே உங்கள் பயிற்சி? சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எழும் எண்ணத்தை எழும்போதே விடு என்பதுதானே உங்கள் வழி?

அப்படியானால் சொல்லுங்கள். காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எல்லாப் பிரிவினையையும் விட்ட கை, மதியம் தூரிகையை எடுத்து இறந்த கிழவியின் பெயருக்குள் 'மிருகம்' என்ற எழுத்தை எப்படி எழுதியது? அந்தக் கிழவி யார் என்று அந்தத் துறவிக்குத் தெரியுமா? அவள் யாருக்குப் பிரசவம் பார்த்தாள், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தாள், என்ன பாட்டுப் பாடினாள் என்று கேட்டாரா? குடியிருப்பின் பெயரைக் கேட்டார். எழுதிவிட்டார்.

இதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தீர்கள். முற்பிறவி வினை! இழிந்த குடியில் பிறந்தவன் முன்பு ஏதோ பாவம் செய்தவன், அனுபவிக்கட்டும் என்று பிரசங்கம் செய்தீர்கள். தனிமனிதன் செய்ததற்குத் தனிமனிதனே பொறுப்பு என்பது வினைக் கொள்கையின் உயிர். அதையே புரட்டி, ஒரு குடியிருப்பு முழுவதும் பிறக்கும்போதே குற்றவாளி என்று ஆக்கிவிட்டீர்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தை எந்தக் குற்றத்தைச் செய்தது? நேற்றுப் பிறந்ததற்கு எந்த சாட்சி, எந்த விசாரணை?

உங்களுக்குள்ளேயே ஒருவர் இதைக் கேட்டார். ஹக்கோனே மலையில் ஒரு சிறு கோயிலின் சோட்டோ துறவி, உச்சியாமா குடோ. குத்தகை விவசாயிகளின் வறுமைக்கு முற்பிறவி வினை காரணமல்ல, உழைப்பைப் பறிப்பவர்களே காரணம் என்று 1908இல் ரகசியமாக அச்சிட்டுப் பரப்பினார். 1911 ஜனவரியில் ராஜத்துரோக வழக்கில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தூக்குக் கயிறு வரும் முன்பே அவருடைய துறவிப் பட்டத்தை உங்கள் பிரிவு பறித்துக்கொண்டது. திருப்பிக் கொடுத்தது 1993இல். எண்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று, ஒரு நல்லவரை நல்லவர் என்று சொல்ல!

இதைவிடவும் என்னைச் சுடுவது வேறொன்று.

1979இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் சமயங்களின் உலக சமாதான மாநாடு நடந்தது. புராகுமின் மக்கள் படும் பாகுபாடு அங்கே பேச்சுக்கு வந்தது. சோட்டோவின் நிர்வாகத் தலைவராக இருந்த மச்சிதா எழுந்து, ஜப்பானில் இப்போது அப்படி ஒரு பாகுபாடே இல்லை என்றார். அறிக்கையிலிருந்து அதை நீக்கச் சொன்னார். அவர் அப்படிப் பேசிய அந்த நேரத்திலும் அவருடைய பிரிவின் கோயில்களில் அந்தக் கற்கள் நின்றுகொண்டிருந்தன. ஏடுகள் அலமாரியில் இருந்தன. கல்யாணத்துக்கு முன் பையன் வீடு எப்படி, பெண் வீடு எப்படி என்று துப்பறிய வந்தவர்களுக்கு அந்த ஏடுகளைத் திறந்து காட்டிய கோயில்களும் இருந்தன.

இதுதான் என் குமுறல். எங்களை அடிக்கும்போது கூட்டமாக அடிக்கிறீர்கள். அடிபட்டவர்கள் சேர்ந்து வந்து நியாயம் கேட்டால், கூட்டம் என்று ஒன்று ஏது, எல்லாம் மனதின் கற்பனை, தனிமனிதனாக வா, பேசலாம் என்கிறீர்கள். பூட்டுப் போடும்போது எங்கள் தெருவுக்கே போட்டுவிட்டு, சாவி கேட்டால் தெரு என்பதே மாயை என்றால் அது ஞானமா?

இங்கேயும் அதைக் கேட்டேன். ஒரு தியானக் கூடத்தில் வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது வாடகை வீட்டுக்கு அலைந்த கதையைச் சொன்னேன். நடத்தியவர் மிகவும் அன்பான மனிதர்தான். தோளில் கை வைத்து, "சாதி உங்க மனசுலதான் இருக்கு. நீங்க அதை விட்டுட்டா அது போயிடும்" என்றார்.

"என் மனசுல இருந்தா எப்பவோ விட்டிருப்பேன் ஐயா. அது வீட்டுச் சொந்தக்காரர் மனசுல இருக்கு. எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டார். சொன்னேன். அட்வான்ஸைத் திருப்பிக் கையில கொடுத்துட்டார்" என்றேன்.

"நீங்க இன்னும் பழசையே பிடிச்சிட்டிருக்கீங்க" என்றார்.

பிடித்துக்கொண்டிருப்பது நானா? 1975இல் ஜப்பானில் ஒரு ரகசியப் பட்டியல் பிடிபட்டது. நாடு முழுவதும் புராகுமின் குடியிருப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஊர்ப்பெயர் வாரியாகத் தொகுத்து நிறுவனங்களுக்கு விற்றிருந்தார்கள். வாங்கியவை 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். வேலைக்கு மனுப் போட்ட பையனின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு பட்டியலைப் புரட்டி அவன் ஊரைத் தேடினார்கள். எந்த ஊர், எந்தப் பக்கம்? அதே கேள்வி! அந்தப் பையன் பழசை விட்டிருந்தால் பட்டியல் அவனை விட்டிருக்குமா?

கூட்டத்தைப் பார்த்துத் தனிமனிதனுக்குத் தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இஷிகாவா கசுவோவின் வாழ்க்கையைப் பாருங்கள். 1963இல் சயாமாவில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்டாள். மீட்புப் பணம் வாங்க வந்தவனைப் போலீஸ் கோட்டைவிட்டது. நாடே போலீஸைக் காறித் துப்பியது. போலீஸின் கண் புராகுமின் குடியிருப்புகளின் மேல் திரும்பியது. 24 வயது இஷிகாவாவைப் பிடித்தார்கள். சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவர். காவலில் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். 1964இல் மரண தண்டனை. அந்த வாக்குமூலம் பொய், நான் நிரபராதி என்று மேல்முறையீட்டில் சொன்னார். 1974இல் அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். சிறையில்தான் எழுத்துக் கற்றார். கற்ற எழுத்தால் தன் நியாயத்தை எழுதினார். 31 ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு 1994இல் பரோலில் வெளியே வந்தார். மறுவிசாரணை கேட்டுக் கேட்டே 2025 மார்ச்சில் இறந்துபோனார். ஒரு மனிதன் தன்னைத் தனி மனிதனாக விசாரியுங்கள் என்று அறுபது ஆண்டுகள் கேட்டும் அந்த விசாரணை கிடைக்கவில்லை.

1871ஐ நினைத்தால் மனம் ஆறுவதில்லை. அந்த ஆண்டில்தான் ஜப்பானில் மெய்ஜி அரசு அந்த இழிபெயர்களை ஒழிப்பதாக ஆணையிட்டது. அடுத்த ஆண்டு எடுத்த குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் அவர்களைப் 'புதுக் குடிமக்கள்' என்று குறித்து வைத்து, பழைய அடையாளத்தைப் புது மையில் காப்பாற்றினார்கள். அதே 1871இல்தான் இந்தியாவில் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பிறப்பால் திருடன் என்று சொல்லிக் கைரேகை வாங்கினார்கள், இரவில் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். ஓர் ஊரே திருடும் என்று சட்டமே சொன்னது. அப்போது எந்த ஞானியும் கூட்டம் என்பது மாயை என்று வந்து சொல்லவில்லையே! பட்டவர்கள் பேச ஆரம்பித்தால் மட்டும் ஏன் உங்களுக்கு சூன்யம் நினைவுக்கு வருகிறது?

உங்கள் சொந்த நூலையாவது கேளுங்கள். எட்டாம் நூற்றாண்டில் ஷிதோ என்ற ஆசான் எழுதிய சாண்டோகாயை சோட்டோ கோயில்களில் நாள்தோறும் ஓதுகிறீர்கள். வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது மயக்கம் என்று சொன்ன அதே ஷிதோ, ஒருமையில் போய்க் கலந்துவிடுவதும் ஞானம் ஆகாது என்று சேர்த்தே சொன்னாரே, அது வாயில் வந்து காதில் விழவில்லையா? ஞானி காரண காரியத்துக்குக் கட்டுப்படமாட்டான் என்று சொன்னதற்காக ஒரு துறவி ஐந்நூறு பிறவி நரியாகத் திரிந்த கதையைச் சீடர்களுக்குப் புதிராகக் கொடுக்கிறீர்கள். பட்டியல் ஒரு காரணம். வேலை கிடைக்காதது அதன் காரியம். ஏடு ஒரு காரணம். நின்றுபோன கல்யாணம் அதன் காரியம். இதைக் காணாமல் எல்லாம் வெறுமை என்பவர்களுக்குத்தானே அந்த நரிக் கதையைச் சொல்ல வேண்டும்?

எங்களுக்கு புத்தர் மேல் கோபம் இல்லை. எங்கள் பெரியவர்கள் அவரைத் தேடித்தான் போனார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு புத்தரிடம் போனார். பிறப்பைக் கேட்காத வீடு ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில் போனார்கள். அந்த வீட்டிலும் செந்தரா என்று கல்லில் வெட்டி வைத்திருந்தால் நாங்கள் எங்கேதான் போவது?

நீங்கள் எங்களுக்குச் செய்ததை நான் உங்களுக்குத் திருப்பிச் செய்யலாம். ஜென் துறவிகள் எல்லாருமே இப்படித்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். செய்யமாட்டேன். அப்படிச் சொன்னால் தூக்குமேடை ஏறிய உச்சியாமாவை நான் எங்கே வைப்பது? 1922இல் கியோட்டோவில் புராகுமின் மக்கள் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் அறிக்கையை எழுதிய சைக்கோ மன்கிச்சி ஒரு பௌத்தக் கோயில் வீட்டில் பிறந்தவர்தான். 1984இல் தான் பேசியது தவறென்று சொல்லி வருத்தம் தெரிவித்த மச்சிதாவையும் நான் மறைக்கமாட்டேன். அதற்கு முன்பே, 1982இல், சோட்டோ மனித உரிமைக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. ஏடுகளைப் பார்க்கத் தடை போட்டது. கற்களைத் தேடி இழிபெயர்களை மாற்றத் தொடங்கியது. இவை எல்லாம் நடந்தவை. புராகுமின் விடுதலை இயக்கத்தார் நேருக்கு நேர் உட்காரவைத்து, ஏன் செய்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு நடக்கவைத்தவை. சேர்ந்து நின்று கேட்டதால் கிடைத்தவை.

ஆகவே எனக்கு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஒரு மனிதனை அவன் செய்ததை வைத்துத்தான் எடை போட வேண்டும். பிறந்த தெருவை வைத்து ஒருவனையும், அவன் யாராக இருந்தாலும், எடை போடக் கூடாது. ஆனால் ஓர் அமைப்பு அமைப்பாக நின்று செய்த கேட்டுக்கு அந்த அமைப்பேதான் பதில் சொல்ல வேண்டும். ஏட்டை எழுதியது ஒரு துறவியின் கை. அதை நூற்றாண்டுகளாகப் பாதுகாத்தது பிரிவு. திறந்து காட்டியது கோயில். வாங்கிப் பயன்படுத்தியது கம்பெனி. அங்கே மட்டும் தனிமனிதர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளியாதீர்கள். அதேபோல அடிபட்ட கூட்டம் கூட்டமாக வந்து கேட்பதைக் குறுகிய மனம் என்று சொல்லாதீர்கள். அந்தக் கூட்டத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள் அல்ல.

சாதியை விடு, அடையாளத்தை விடு, பழசை விடு என்று இனி எங்களிடம் வராதீர்கள். விட வேண்டிய வரிசையில் நாங்கள் கடைசி. முதலில் ஏடு வைத்திருப்பவர் ஏட்டை விடட்டும். பட்டியல் வாங்கியவர் பட்டியலை விடட்டும். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கும் வீட்டுக்காரர் அந்தக் கேள்வியை விடட்டும். மனதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் குருமார்கள் அந்த வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, எதிரே வந்தவனைப் பார்த்ததும் உனக்குள் முதலில் எழுந்தது என்ன என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியை எங்களிடம் மட்டும் கேட்டது போதும். அவர்களிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எங்கள் தெருவுக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.